மில் வேன் ஊருக்குள் வருவதற்கு முன்னால் பெற்றோரிடம் எதைச் சொல்ல வேண்டும்?

கேள்வி கேட்டவர்: கண்மாய்க்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தின் உட்பகுதியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோரு ஆண்டுகளாகத் தமிழாசிரியையாக இருக்கிறேன். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்த ஆண்டில் நெல்லும் மிளகாயும் உண்டு. மற்ற ஆண்டுகளில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதும் நூறு நாள் வேலையும்தான் பிழைப்பு. பிளஸ் டூ தேர்வு முடிந்து இரண்டு வாரம் ஆவதற்குள் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேன் வந்துவிடும். சுமங்கலித் திட்டம் என்ற பெயரை இப்போது எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனாலும் மூன்று ஆண்டு ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்ற பேச்சு அப்படியேதான் இருக்கிறது.

சென்ற நவம்பர் 25 அன்று, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளை ஒட்டி, பள்ளியில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினோம். உறுதிமொழி எடுத்தோம், பதாகை பிடித்து ஊரைச் சுற்றி வந்தோம், காவல் நிலையத்திலிருந்து வந்த அதிகாரி ஆள்கடத்தலைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். முன்பின் தெரியாதவர் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடாதீர்கள், அந்நியரை நம்பிப் போகாதீர்கள் என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து உறுதிமொழியைக் கணீரென்று வாசித்த மாணவிகளில் நான்கு பேர் ஏப்ரல் மாதத்தில் வேனில் ஏறிப் போனார்கள். அவர்களை அழைத்துப் போனவர் அந்நியர் இல்லை. அந்த நால்வரில் ஒருத்தியின் சொந்தச் சித்தி, அதே தெருவில் இருப்பவர். தலைக்கு இவ்வளவு என்று ஆலைத் தரப்பில் அவருக்குப் பணம் கிடைக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் போன இன்னொரு மாணவி பதினான்கு மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். இரவு ஷிப்டில் மேற்பார்வையாளர் ஒருவர் நடந்துகொண்ட விதம் தாங்காமல் வந்ததாக என்னிடம் மட்டும் சொன்னாள். மூன்று ஆண்டு முடிக்காததால் மொத்தத் தொகையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. "மில்லுக்குப் போய் பாதியில் வந்தவள்" என்று ஊரில் பேசுகிறார்கள் என்று அவள் அம்மா அவளைக் கடைக்குக்கூட அனுப்புவதில்லை. வாரம் ஒரு முறை நான் போய்ப் பார்க்கிறேன். நான் பேசும்போது அவள் பாயின் கோரையை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே இருப்பாள்.

இந்த ஆண்டு மறுபடியும் கூட்டம் நடத்த வேண்டும். பழையபடி நடத்தினால் பழையபடிதான் ஆகும் என்று நன்றாகத் தெரிகிறது. இந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள், வழக்கு நடத்தியவர்கள், பிள்ளையை அனுப்பிய பெற்றோர் யாராவது இங்கே இருந்தால், எங்கள் ஊர்த் தாய்மார் காதில் ஏறும்படி எதைச் சொல்ல வேண்டும், யார் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.


பதில் எழுதியவர்: பஞ்சுத்தூசி

டீச்சர், வணக்கம். நான் 2009 முதல் 2012 வரை ஒரு நூற்பாலையில் சைடராக, அதாவது நூற்கும் இயந்திரத்தில் அறுந்த இழையைப் பிணைப்பவளாக, வேலை செய்தவள். பிறகு அஞ்சல் வழியில் பட்டம் முடித்து இப்போது ஒரு சிற்றூரில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தவரும் அந்நியர் இல்லை, என் அப்பாவின் பங்காளிதான். அவர் கையில் ஒரு மஞ்சள் நோட்டீஸ் இருந்தது. தாலி படம் போட்டு, உணவு, தங்குமிடம் இலவசம், டிவி உண்டு, ஆண்டுக்கொரு முறை கோயில் சுற்றுலா உண்டு, மூன்றாண்டு முடிவில் 40,000 ரூபாய் என்று அச்சடித்திருந்தார்கள். என் அம்மா எழுத்துக் கூட்டி அதை மூன்று முறை படித்தார். அந்த ஆண்டு அக்காவின் கல்யாணக் கடன் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் காகிதத்தில் எழுதாத விஷயங்களைக் கேட்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் கூட்டத்தில் அந்த நோட்டீஸ் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, இதில் எழுதாதது என்ன என்று தாய்மாரையே கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை, மாதச் சம்பளம் யார் கையில் வரும், பாதியில் வந்தால் என்ன ஆகும், தீபாவளிக்கு வீட்டுக்கு விடுவார்களா, ஹாஸ்டல் கேட்டின் சாவி யாரிடம் இருக்கும் என்ற கேள்விகள் அவர்கள் வாயிலிருந்தே வரும்.

உள்ளே எப்படி இருக்கும் என்பதையும் சொல்கிறேன். ரிங் பிரேம் என்ற நூற்கும் இயந்திரம் ஒன்றில் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுற்றிக்கொண்டிருக்கும். எங்கே இழை அறுகிறதோ அங்கே ஓடிப்போய்ப் பிணைக்க வேண்டும். எட்டு மணி நேரம் என்று சொன்ன வேலை, அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராத நாளெல்லாம் பன்னிரண்டு மணி நேரமாகும். நூல் அறாமல் இருக்க உள்ளே ஈரத்தை ஏற்றி வைத்திருப்பார்கள், ஜன்னல் திறக்காது, மூக்கைச் சிந்தினால் பஞ்சு வரும். மாதவிடாய் வலி என்று சொன்னால் சூப்பர்வைசர் மேசை இழுப்பறையிலிருந்து உறை இல்லாத மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அது என்ன மாத்திரை என்று கேட்ட ஒரு பெண்ணை மறுநாள் கழிவுப் பஞ்சு கூட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போன் பேச ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து நிமிடம். வார்டன் பக்கத்தில் நிற்பார், ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேச வேண்டும். "நல்லா இருக்கேம்மா, சாப்பாடு நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறெதுவும் அந்தப் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாது. என் அம்மா அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எங்கள் அறையில் இருந்த தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் அம்மா கெட்டிக்காரர். ஊரைவிட்டுக் கிளம்பும்போதே மகளிடம் ஒரு பேச்சை ஒப்பந்தம் செய்திருந்தார். "சிவலை ஆடு குட்டி போட்டுச்சா" என்று மகள் கேட்டால் இங்கே நிலைமை சரியில்லை, உடனே வா என்று பொருள். அவர்கள் வீட்டில் ஆடே கிடையாது. அவள் கேட்ட நான்காம் நாள் அம்மாவும் தாய்மாமனும் கேட்டுக்கு வெளியே வந்து நின்று சத்தம் போட்டு அவளை அழைத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் எல்லோரும் மாடி வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். உங்கள் ஊர்த் தாய்மாருக்கு இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தால்கூட, டீச்சர், அது நூறு உறுதிமொழிக்குச் சமம்.

திரும்பி வந்த அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கடைசிக் காசு கிடைக்கவில்லை என்பதைவிட ஊர்ப்பேச்சுதான் பெரிய கொடுமை. நான் மூன்றாண்டும் முடித்துவிட்டுத்தான் வந்தேன், என்னையே ஒரு மாப்பிள்ளை வீட்டார் மருத்துவரிடம் காட்டச் சொன்னார்கள். கல்யாணத்துக்காக என்று அனுப்பிய இடமே கல்யாணத்துக்குத் தடையாகிறது. தாய்மாரிடம் நீங்கள் எதைப் பேசினாலும், பிள்ளை பாதியில் வந்து நின்றால் கதவைத் திறப்பேன் என்று அவர்களைச் சொல்ல வையுங்கள். உள்ளே இருக்கும் பெண்கள் பலரும் வாயை மூடிக்கொண்டு இருப்பது மில்லுக்குப் பயந்து மட்டும் இல்லை, வீட்டுக்குப் பயந்தும்தான்.


பதில் எழுதியவர்: இரு பெண்களின் தகப்பன்

ஆசிரியை அவர்களுக்கு. என் மூத்த மகளை நான் அனுப்பினேன். அவள் இருந்த ஆலையில் மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வந்தது, பி.எஃப். பிடித்தார்கள், பொங்கலுக்கு ஐந்து நாள் விடுமுறை விட்டார்கள். அந்தப் பணத்தில்தான் தங்கை நர்சிங் படிக்கிறாள். எல்லா மில்லையும் பூதமாகக் காட்டினால், அனுப்பி நல்லபடியாக இருக்கும் குடும்பங்கள் உங்கள் பேச்சைக் கேட்காமல் எழுந்து போய்விடும், மற்றவர்களும் அவர்களைப் பார்த்து எழுந்து போவார்கள். போகாதே என்று சொல்வதற்கு எங்களிடம் வேறு வழி இருக்க வேண்டுமே. நல்ல இடத்தையும் கெட்ட இடத்தையும் எப்படிப் பிரித்தறிவது என்று சொல்லுங்கள், பெற்றோர் உட்கார்ந்து கேட்பார்கள். என் மகளை அனுப்பும்போது நானே ஒரு நாள் பஸ் ஏறிப் போய் ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்படிப் போக வேண்டாம் என்று புரோக்கர் எவ்வளவோ சொன்னார், நான் கேட்கவில்லை.


பதில் எழுதியவர்: மதுரை வழக்குரைஞர்

சட்டத்தைப் பற்றிக் கூட்டத்தில் பேசும்போது பிரிவு எண்களை அடுக்கினால் யார் மனத்திலும் நிற்காது என்பது என் அனுபவம். ஆனால் ஆசிரியையின் கையில் அவை இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், பெண்ணும் விரும்பித்தான் வந்தாள் என்ற வாதம். ஆள்கடத்தல் வழக்கில் இது செல்லாது. டெல்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நடந்த கூட்டு வன்புணர்வுக் கொடுமைக்குப் பிறகு, 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு திருத்தி எழுதப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அதே குற்றம், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவாக இருக்கிறது. சுரண்டும் நோக்கத்தோடு, மிரட்டியோ ஏமாற்றியோ, அதிகாரத்தைப் பயன்படுத்தியோ, அந்த ஆளைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்தோ ஒருவரைச் சேர்ப்பதும் கூட்டிப்போவதும் தங்கவைப்பதும் ஏற்றுக்கொள்வதும் குற்றம். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டில்லை என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. குறைந்த தண்டனை ஏழு ஆண்டு, ஆள் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் பத்து ஆண்டு. அந்தச் சித்தியிடம் இதை ஒரு முறை நேரில் எடுத்துச் சொல்லிப் பாருங்கள். இது தண்டனைக்குரிய வேலை என்று தெரிந்ததும் தரகை விட்டுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கூலி. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான (ஆசியாட்) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு நம் பிள்ளைகளுக்காகவே எழுதியது போல இருக்கும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவரிடம் வேலை வாங்கினால் அது அரசமைப்பின் 23ஆவது உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பு, ஏனெனில் பசியும் வறுமையும்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தும் சக்திகள்தான் என்று அது சொன்னது. மாதாமாதம் கொடுக்க வேண்டிய சம்பளத்தைப் பிடித்துவைத்து, மூன்றாண்டு முடிவில் மொத்தமாகக் கொடுத்து, அதைப் பரிசு என்று பெயரிடுவதை இந்த வெளிச்சத்தில் தாய்மாருக்குக் காட்டுங்கள். அது அவர்கள் மகள் ஏற்கெனவே சம்பாதித்த பணம். முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியே போக முடியாத நிலையில் வேலை செய்தால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வருவாய்க் கோட்டாட்சியரோ மாவட்ட ஆட்சியரோ விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மறுவாழ்வுத் தொகை பெண்களுக்கும் சிறாருக்கும் 2 லட்சம், கடத்தலும் பாலியல் சுரண்டலும் சேர்ந்த கொடிய நிலைகளில் 3 லட்சம். முழுத் தொகை கைக்கு வருவதற்குள் பல படிகள் ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பொய்யான நம்பிக்கை கொடுத்ததாகிவிடும்.

காவல் நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மகளைக் காணவில்லை என்று போகும் பெற்றோரிடம், யாரையாவது காதலித்து ஓடிப்போயிருப்பாள், நான்கு நாள் பாருங்கள் என்று சொல்வது இன்றும் நடக்கிறது. அந்த நான்கு நாளில்தான் பிள்ளை மாநிலம் தாண்டுகிறாள். காணாமல் போனவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால், கடத்தல் நடந்திருக்கலாம் என்று கருதியே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எந்த நிலையத்தின் எல்லை என்ற கேள்வியை வைத்துத் திருப்பி அனுப்பவும் முடியாது, எங்கே போனாலும் புகாரை வாங்கிப் பதிய வேண்டும். 112, பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களைத் தாய்மாரின் போனில் அங்கேயே உட்கார்ந்து பதிந்து கொடுங்கள்.

உங்கள் மாணவியின் பதினான்கு மாதக் கணக்கை விட்டுவிடாதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்கள் எல்லோருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்குரைஞர் கிடைப்பார், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மேற்பார்வையாளர் மீதான புகாரை ஆலையின் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று, பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் காலவரை வைத்திருக்கிறது, தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அது கடந்துவிட்டாலும் காவல் நிலையத்தில் குற்றப் புகார் கொடுக்கும் வழி அடைபடவில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அவளைக் கூட்டத்தில் மைக் முன்னால் நிறுத்த வேண்டும் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.


பதில் எழுதியவர்: திண்டுக்கல் சங்கத்துப் பெண்

மேலே அந்தத் தகப்பனார் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். நாங்கள் ஒரு ஆலையைப் பார்க்கும்போது முதலில் கேட்பது, வேலை நேரம் முடிந்த பிறகு பெண்கள் கேட்டைத் தாண்டிக் கடைக்குப் போகலாமா என்பதைத்தான். போகலாம் என்றால் மற்றவற்றைப் பேசிச் சரிசெய்துகொள்ள இடமிருக்கிறது. பிறகு, சம்பளம் பெண்ணின் பெயரில் உள்ள கணக்குக்கு வருகிறதா, ஏ.டி.எம். கார்டு அவள் கையில் இருக்கிறதா வார்டனிடம் இருக்கிறதா என்று பார்ப்போம். 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் சட்டப்படி ஹாஸ்டல் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், சான்றைக் காட்டச் சொல்லலாம். ஈ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண் இரண்டையும் சேர்ந்த சில வாரங்களில் கேட்டு வாங்கி வீட்டில் எழுதி வைக்க வேண்டும். பாலியல் தொல்லைக்கான உள்ளகக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், பல இடங்களில் ஹெச்.ஆர். விழிப்பார்.

2021 ஜனவரியில் எங்கள் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த 20 வயதுத் தலித் பெண் ஒருத்தி கொல்லப்பட்டாள். அந்த ஆலையின் மேற்பார்வையாளர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர் தொடர்ந்து தொல்லை கொடுத்துவந்தார் என்று உடன் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, எங்கே போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பெண்களே தலைமை ஏற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதன் பிறகு விடாமல் போராடியதால் 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே ஆடை வாங்கிய எச் அண்ட் எம், கேப், பி.வி.எச் ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களும் அதில் கையெழுத்திட்டன. தளத்தில் வேலை செய்யும் பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, தொல்லை நடந்தால் அவர்களே கவனித்துப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்தது. சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினால் அன்றைக்கே அதைச் சொல்ல பக்கத்து இயந்திரத்தில் ஓர் ஆள் இருக்கிறாள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உள்ளே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே ஆசிரியை அவர்களே, ஊரில் பேசுவதோடு நிறுத்தாமல், போன பிள்ளைகள் எந்த ஆலையில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுங்கள். ஊருக்கும் ஆலைக்கும் நடுவில் இருக்கும் முந்நூறு கிலோமீட்டரில்தான் பிள்ளைகள் தொலைந்துபோகிறார்கள்.


மீண்டும்: கண்மாய்க்கரை ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பதில்களைத் தாளில் எழுதிக்கொண்டு, எங்கள் கிராம சுகாதார செவிலியரோடும் இரண்டு சக ஆசிரியைகளோடும் உட்கார்ந்து பேசினோம்.

கூட்டத்தை நவம்பர் வரை தள்ளப் போவதில்லை. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு முடிந்ததும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே போய், மதிய ஓய்வில் மரத்தடியில் தாய்மாரோடு உட்காரப் போகிறோம். பழைய மஞ்சள் நோட்டீஸ் ஒன்று ஒரு வீட்டு அரிசிப்பானைக்கு அடியில் கிடைத்தது, அதைப் பெரிதாக நகலெடுத்திருக்கிறோம். வேன் எண், அழைத்துப் போகிறவர் பெயர், ஆலையின் முகவரி மூன்றையும் எழுதாமல் எந்தப் பிள்ளையும் ஏறக் கூடாது என்று ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம், அது செவிலியரிடம் இருக்கும். சிவலை ஆட்டுக் கதையை ஒரு வீட்டில் சொன்னவுடன் அந்த அம்மா தன் மகளைக் கூப்பிட்டு அங்கேயே ஒரு பேச்சை முடிவு செய்துகொண்டார். என்ன பேச்சு என்று எங்களிடம் சொல்லவில்லை, அது சரிதான்.

வேறு வழி வேண்டுமே என்று அந்தத் தகப்பனார் எழுதியது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த மாணவி கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மில் சம்பளத்துக்கு அது ஈடாகாது என்றாலும் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும். முன்பு கல்யாண உதவித் திட்டமாக இருந்ததுதான் 2022இல் படிப்புக்கான உதவியாக மாறியது, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரில். தமிழ் வகுப்பில் அவரைப் பற்றிச் சொல்லும்போது இந்த விண்ணப்பப் படிவத்தையும் சேர்த்துக் கொடுக்க முடிவு செய்திருக்கிறேன்.

திரும்பி வந்த மாணவியிடம் பஞ்சுத்தூசி எழுதியதை மட்டும் வாசித்துக் காட்டினேன். முடியும் வரை பேசாமல் இருந்தவள், பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தாள். அதில் மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளும் ஓர் அடையாள அட்டையும் இருந்தன. அவள் அம்மா அவற்றைப் பார்ப்பது அதுவே முதல் முறை. வருகிற திங்கட்கிழமை மூன்று பேரும் ராமநாதபுரத்துக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகிறோம். மீதிப் பதினொரு மாதச் சீட்டுகள் இல்லாமல் சம்பளக் கணக்கை நிரூபிக்க வேறென்ன கொண்டு போக வேண்டும் என்று வழக்குரைஞர் ஐயா அதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.